ஆரஞ்சுக் கூரைப் படிக்கட்டு

எஸ்கலேட்டரில் முதன்முதலாகக் கால் வைக்கப்போகிறவர்களை வேடிக்கை பார்க்க எனக்குப் பிடிக்கும். சென்னையின் ஏதாவது ஒரு ரயில் நிலையத்தில் ஒரு பாட்டி, புடவைக் கொசுவத்தை ஒரு கையில் அள்ளிக்கொண்டு, மறுகையால் பேரனைப் பிடித்துக்கொண்டு, ஓடும் படியையே உற்றுப் பார்த்தபடி நிற்பார். வெள்ளம் போகும் ஓடையை எங்கே மிதித்துக் கடப்பது என்று யோசிப்பவர் மாதிரி. பேரன் கையை உதறிவிட்டுத் தாவி ஏறி, மேலே போய் நின்று சிரிப்பான். பாட்டி கடைசியில் பக்கத்துப் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறிப் போவார்.

கொலம்பியாவில் மெதெயின் என்று ஒரு நகரம் (நம் செய்தித்தாள்களில் மெடலின்). 2011 டிசம்பர் 26 அன்று அந்த ஊரின் மலைச்சரிவுக் குடியிருப்பு ஒன்றில் ஓர் எஸ்கலேட்டரைத் திறந்துவைத்தார்கள். அது கடைவளாகத்திலோ விமான நிலையத்திலோ இல்லை. திறந்த வெளியில், பூச்சுப் பூசாத செங்கல் வீடுகளுக்கு நடுவே, துணி காயும் மொட்டைமாடிகளை உரசிக்கொண்டு மலையேறுகிறது. ஆறு துண்டுகள், மொத்தம் 384 மீட்டர். 28 மாடிக் கட்டடத்தின் உயரம் என்று கணக்குச் சொன்னார்கள். அதுவரை அங்கே இருந்தவை முந்நூற்றைம்பது சொச்சம் கான்கிரீட் படிகள். ஏறி முடிக்க அரைமணிக்கு மேல் ஆகும். இப்போது ஆறு நிமிடம். கட்டணம் கிடையாது. எப்படிக் கால் வைப்பது, குழந்தையை எந்தப் பக்கம் நிறுத்துவது என்று சொல்லித்தர அந்தத் தெருக்காரர்களையே பழக்கி நிறுத்தினார்கள். நம் பாட்டிகள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள்.

இன்றைக்கு அதன்மேல் ஆரஞ்சு நிறக் கூரை. எஸ்கலேட்டரைப் பார்ப்பதற்கென்று விமானம் ஏறிப்போகிற ஊர் உலகத்தில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. போகிறவர்களுக்குச் சுவரோவியங்கள் உண்டு, தெருவில் சுழன்றாடும் பையன்கள் உண்டு, எலுமிச்சையும் உப்பும் தொட்டுக்கொண்டு சாப்பிடப் பச்சை மாங்காய் ஐஸ் உண்டு. கூடவே ஒரு கதையும் உண்டு: முன்பு இங்கே கொலை, பிறகு எஸ்கலேட்டர் வந்தது, இப்போது கொண்டாட்டம். பயணப் பத்திரிகைகளுக்கு இந்த மூன்று வாக்கியம் போதும். எனக்கு முதல் வாக்கியத்திலேயே கால் தடுக்குகிறது. ஒரு படிக்கட்டு பிறந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் அந்தப் படியில் முன்பு யார் ஏறினார்கள், எதைச் சுமந்துகொண்டு ஏறினார்கள் என்பதிலிருந்துதானே தொடங்க வேண்டும்?

மெதெயின் ஒரு கிண்ணம். நடுவில் ஆறு, இரண்டு பக்கமும் மலை. கிண்ணத்தின் அடியில் ஒரு காலத்தில் துணி ஆலைகள். கொல்தெஹெர், ஃபாப்ரிகாத்தோ என்று நாடறிந்த பெயர்கள்; கோயம்புத்தூர்க்காரருக்கு அந்த ஊர் சட்டென்று புரியும். 1940களின் கடைசியில் நாட்டுப்புறத்தில் இரண்டு கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ள ஆரம்பித்தபோது, உயிர் பிழைத்தவர்கள் மூட்டையோடு இந்தக் கிண்ணத்துக்கு வந்து இறங்கினார்கள். 1951இல் மூன்றரை லட்சமாக இருந்த ஊர் 1973இல் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அடியில் இடமில்லை. வந்தவர்கள் கிண்ணத்தின் விளிம்பில் ஏறினார்கள். மேற்கு விளிம்பில் இருப்பதுதான் கொமூனா 13. கொமூனா என்றால் நம் ஊர் மண்டலம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவு. அதற்குள் லாஸ் இந்தெபெந்தென்சியாஸ், அதாவது ‘விடுதலைகள்’, என்று ஒரு குடியிருப்பு. 1970களின் இறுதியிலிருந்து புறம்போக்கு நிலத்தில் மரப்பலகையும் தகரமுமாக எழும்பியது.

அந்த முதல் படிகளைக் கட்டியது அரசாங்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவே கூடும். ஆண்கள் மணல் சுமப்பார்கள், பெண்கள் கலவை போடுவார்கள், பெரிய பானையில் கிழங்கும் வாழைக்காயும் இறைச்சியும் போட்டுக் குழம்பு கொதிக்கும். ‘கொன்வீதே’ என்று அதற்குப் பெயர். ஊர்கூடித் தேர் இழுப்பது மாதிரி ஊர்கூடிப் படி கட்டுவது. கேஸ் சிலிண்டரை, செங்கல்லை, பிரசவ வலி கண்டவளை, சவப்பெட்டியை எல்லாம் அந்தப் படிகளில்தான் ஏற்றி இறக்கினார்கள்.

பிறகு ஆலைகள் தள்ளாட ஆரம்பித்தன. அப்பாவுக்கு ஆலையில் கிடைத்த வேலை மகனுக்குக் கிடைக்கவில்லை. அதே சமயத்தில் கிண்ணத்தின் அடியில் புதிதாக ஒரு தொழில் செழித்தது. பாப்லோ எஸ்கோபாரைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் பார்த்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. உண்மையில் அந்த ஆளைப் பற்றி இனிமேல் யாரும் புதிதாக ஒன்றும் சொல்லாமல் இருந்தாலே நல்லது. அந்தத் தொழிலுக்குத் தேவைப்பட்ட ஒரு வேலையைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கொக்கெயின் வியாபாரத்தில் கடன் பத்திரம் கிடையாது, வழக்குப் போட முடியாது. வாக்கை மீறியவனைத் தண்டிப்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆள் மலிவாக, வேகமாக, பயம் தெரியாதவனாக, பிடிபட்டால் நீதிமன்றம் பெரியவனாக நடத்தாத வயதில் இருந்தால் மிகவும் வசதி. விளிம்பில் அப்படிப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்கள். ஒருவன் ஓட்டுவான், பின்னால் இருப்பவன் சுடுவான். 1984 ஏப்ரல் 30 அன்று நீதியமைச்சர் ரொத்ரிகோ லாரா பொனியா தலைநகர் பொகொத்தாவில் காரில் போய்க்கொண்டிருந்தபோது அவரைக் கொன்றவர்கள் இப்படி மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள்தான். அதற்குப் பிறகு ‘சிகாரியோ’, அதாவது கூலிக்குக் கொல்பவன், என்ற சொல் கொலம்பியாவின் அன்றாடப் பேச்சில் ஏறியது.

சிகாரியோ ஆவதற்குமுன் சிறிய பதவிகள் உண்டு. ‘கார்ரீத்தோ’ என்றால் சின்ன வண்டி. துப்பாக்கியையோ பொட்டலத்தையோ பள்ளிக்கூடப் பையில் வைத்துப் படிக்கட்டில் மேலிருந்து கீழே கொண்டுசேர்க்கும் பையனுக்குப் பெயர் அது. போலீஸ் பெரியவர்களைச் சோதிக்கும். கணக்கு நோட்டு வைத்திருக்கும் பத்து வயசுப் பையனைச் சோதிக்காது. ‘கம்பனேரோ’ என்றால் மணியடிப்பவன். படியின் திருப்பத்தில் பம்பரம் விட்டுக்கொண்டோ பந்து உதைத்துக்கொண்டோ இருந்தபடி, அந்நியர் வந்தால் சீழ்க்கையடித்துச் சொல்பவன். ஆக, ஊர்கூடிக் கட்டிய அதே படிகள்தான் பையன்களுக்கு அலுவலகம் ஆயின. முதல் பெரிய வேலையின் கூலியில் அம்மாவுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிவந்து இறக்கியவர்களின் கதை அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. அந்த ஃப்ரிட்ஜையும் யாரோ நான்கு பேர் படியேற்றித்தான் கொண்டுபோயிருப்பார்கள்.

அந்தப் பையன்களிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதை அவர்களுடைய கொச்சையிலேயே எழுதிய பத்திரிகையாளர் ஒருவர் இருந்தார். அலோன்சோ சலசார். 1990இல் புத்தகம் வந்தது. அதன் தலைப்பைத் தமிழில் சொன்னால், ‘நாங்கள் விதைக்கென்று பிறந்தவர்கள் இல்லை’. அந்த ஊர்ப் பேச்சில் நெடுநாள் வாழப்போவதில்லை என்று பொருள். விதைநெல் என்ற சொல்லோடு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எவ்வளவு பஞ்சம் வந்தாலும் குதிரில் தொடாமல் வைப்பது விதைநெல். இவர்கள் அந்தக் குதிருக்கு உரியவர்கள் இல்லை. இந்தப் போகத்திலேயே தின்று தீர்க்கப்படுகிறவர்கள். அதைப் பதினாறு பதினேழு வயசுப் பையன்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொண்டார்கள் என்பதுதான் அந்தத் தலைப்பின் கொடுமை. அதே ஆண்டு விக்தோர் கவீரியா இயக்கிய ‘ரொத்ரிகோ டி: நோ ஃபுதூரோ’ என்ற படம் கான் விழாவில் போட்டிக்குப் போனது. கொலம்பியாவிலிருந்து அங்கே போட்டியிட்ட முதல் படம் அதுதான். நடித்தவர்கள் எல்லாம் நிஜத் தெருப்பையன்கள். படம் திரைக்கு வருவதற்குள்ளேயே அவர்களில் சிலர் கொல்லப்பட்டுவிட்டார்கள். இயக்குநர் படத்தை அவர்களுக்கே காணிக்கையாக்கினார்.

சலசாரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அவர் இன்னொரு முறை வருவார்.

1991இல் மெதெயினில் லட்சம் பேருக்கு 380 கொலை என்ற கணக்கு வந்தது. வருடத்தில் ஆறாயிரத்துக்கு மேல் பிணங்கள். அதற்கு முந்தைய ஆண்டு எஸ்கோபார் போலீஸ்காரர்களின் தலைக்கு விலை வைத்திருந்தான். விலையை வாங்கப் போனவர்கள் இந்தப் பையன்கள். போலீஸ் பழிக்குப் பழியாகத் தெருமுனையில் கூடிநின்ற பையன்களைச் சுட்டது, அவர்கள் சிகாரியோக்களா இல்லையா என்று கேட்காமலே. 1993 டிசம்பர் 2 அன்று எஸ்கோபார் ஒரு கூரையின்மேல் சுட்டுக்கொல்லப்பட்டான். தொலைக்காட்சித் தொடர்கள் அங்கே முடிகின்றன. படிக்கட்டில் ஒன்றும் முடியவில்லை. முதலாளி போனார், தொழில் இருந்தது, துப்பாக்கி இருந்தது, பையன்கள் இருந்தார்கள். எஸ்கோபாருக்கு எதிராகத் திரும்பிய கூட்டாளிகளில் ஒருவன், தியேகோ முரீயோ, ‘தோன் பெர்னா’ என்ற பட்டப்பெயரோடு மிச்சமிருந்தவர்களை ஒரே குடைக்குள் கொண்டுவந்தான். பிறகு வலதுசாரித் துணைராணுவப் படையொன்றின் தலைவனாகவும் ஆனான். கார்ட்டெல், படை, தெருக்கும்பல் என்று நாம் தனித்தனியாகப் பெயர் வைத்துப் பேசுகிறோம். பையனின் கையில் துப்பாக்கியைக் கொடுத்த கை பலமுறை ஒன்றாகவே இருந்தது.

கொமூனா 13 அவனிடம் சிக்காமல் இருந்தது. காரணம், அங்கே கொரில்லாக் குழுக்களின் நகர்ப்புறக் காவல்படைகள் இருந்தன. அவர்களும் பையன்களைத்தான் சேர்த்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த மேற்கு விளிம்பு எல்லோருக்கும் ஏன் வேண்டியிருந்தது என்றால், அதைத் தாண்டினால் கரீபியக் கடலோரத்து உராபா வளைகுடாவுக்குப் போகும் பாதை. சரக்கு வெளியே போகவும் ஆயுதம் உள்ளே வரவும் அதுதான் வாசல். வாசற்படியில் குடியிருப்பதுதான் அந்த மக்கள் செய்த ஒரே தவறு.

2002 மே 21 அன்று ராணுவமும் போலீசும் உள்ளே நுழைந்தன. மரிஸ்கால் நடவடிக்கை என்று பெயர். இறந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அடிபட்டவர்களை எடுத்துக்கொண்டு போகக்கூட வழியில்லாதபோது, பெண்கள் வீட்டிலிருந்த வெள்ளைத் துணிகளை, படுக்கை விரிப்புகளை, கைக்குட்டைகளை எடுத்துச் சன்னல்களில் ஆட்டினார்கள். அப்படியே படிகளில் இறங்கிவந்தார்கள். துப்பாக்கிச் சூடு நின்றது. அக்டோபர் 16 அன்று மறுபடியும் வந்தார்கள்; இந்த முறை வெள்ளைத் துணிக்கு மரியாதை இல்லை. ஒரியோன் நடவடிக்கை. ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர், மேலே ஹெலிகாப்டர்கள். ஹேசுஸ் அபாத் கொலோராதோ என்ற புகைப்படக்காரர் அந்த நாட்களில் எடுத்த படங்களில் இரண்டு உலகம் பார்த்தவை. ஒன்றில் முகமூடி அணிந்த ஆள்காட்டி ஒருவன் படையினருக்கு யாரையோ சுட்டிக்காட்டுகிறான். இன்னொன்றில் ஒரு சிறுமி, சன்னல் கண்ணாடியில் குண்டு துளைத்த ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் வெளியே பார்க்கிறாள்.

நடவடிக்கை முடிந்தது, கொரில்லாக்கள் போனார்கள், தோன் பெர்னாவின் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். ராணுவத்தோடு கூட்டாகத்தான் வந்தோம் என்று பின்னாளில் அவனே வாக்குமூலம் கொடுத்தான். அடுத்த மாதங்களில் பையன்கள் காணாமல் போனார்கள். கடைக்குப் போனவன், வேலைக்குப் போனவன், ‘ஒரு விஷயம் கேட்க வேண்டும், வா’ என்று கூப்பிடப்பட்டவன். தாய்மார்கள் மலைமேல் ஓரிடத்தைக் கைகாட்டினார்கள். அதற்குப் பிறகு வருவோம்.

2004 ஜனவரியில் நகரத்துக்கு ஒரு புதிய மேயர் வந்தார். செர்ஹியோ ஃபஹார்தோ, கணிதப் பேராசிரியர், ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டுக் கேட்டவர். மிக ஏழையான இடத்தில் மிக அழகான கட்டடம் என்பது அவருடைய கொள்கை. இதைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வரலாம்; கொள்கைக்குப் பணம்? மெதெயினில் பணம் இருந்தது. மின்சாரம், குடிநீர் எல்லாம் நகரத்துக்கே சொந்தமான இ.பி.எம். என்ற நிறுவனத்தின் கையில். அதன் லாபத்தில் 30 விழுக்காடாவது ஆண்டுதோறும் மாநகராட்சிக்கு வந்தாக வேண்டும். அந்த நிறுவனத்தை விற்காமல் வைத்திருந்ததுதான் மெதெயினின் அதிசயத்துக்கெல்லாம் மூலம் என்று நான் நினைக்கிறேன். எஸ்கலேட்டரைப் பார்த்து வியந்து திரும்பும் மேயர்கள் இதைத்தான் குறித்துக்கொண்டு போக வேண்டும், போவதில்லை.

முந்தைய நிர்வாகம் தொடங்கிய கேபிள் கார் 2004இல் வடகிழக்கு விளிம்பில் ஓடத் தொடங்கியது. அதைச் சுற்றி நூலகம், பள்ளி, பாலம், பூங்கா என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கட்டுவது என்று கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ எச்செவெர்ரியின் அணி முறை வகுத்தது. அந்த முறை பிறகு கொமூனா 13க்கும் வந்தது. 2008இல் அந்தப் பக்கமும் கேபிள் கார் ஏறியது. ஆனால் லாஸ் இந்தெபெந்தென்சியாஸ் அதன் வழியில் இல்லை. வீடுகள் அங்கே ஒன்றின் தோளில் ஒன்று. சாலை போட இடமில்லை. செங்குத்தாக ஏற, குறைந்த அகலத்தில், வரிசையில் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு பொருள் வேண்டும். பணக்காரர்கள் பொருள் வாங்கிக்கொண்டு ஏறி இறங்கும் பொருள் ஒன்று ஏற்கெனவே உலகத்தில் இருந்தது. அதை எடுத்து வெயிலிலும் மழையிலும் நிறுத்துவது என்று முடிவானது.

கொலைகள் அதற்கு முன்பே குறைந்துவிட்டிருந்தன. 2007இல் லட்சத்துக்கு 35ஐ ஒட்டி வந்திருந்தது. மேயரின் நூலகங்களால் என்றது வெளியுலகம். ஊர்க்காரர்கள் வேறொரு சொல் வைத்திருந்தார்கள்: ‘தோன்பெர்னபிலிதாத்’. ஆட்சித்திறன் என்பதற்கான ஸ்பானியச் சொல்லில் தோன் பெர்னாவின் பெயரைச் செருகிய கேலி. எல்லாக் கும்பலும் ஒரே ஆளுக்குக் கட்டுப்பட்டால் யார் யாரைச் சுடுவது? அமைதி இருந்தது, அந்த அமைதியின் சாவி அவன் இடுப்பில் இருந்தது. 2008 மே மாதம் அவனை அமெரிக்காவுக்கு நாடு கடத்தினார்கள். வாரிசுச் சண்டை மூண்டது. 2009இல் அதே கணக்கு 90ஐத் தாண்டியது.

நம் படிக்கட்டு திட்டமிடப்பட்டதும் கட்டப்பட்டதும் சரியாக இந்த இரண்டாவது போருக்குள்தான். சுற்றுலாக் கதையில் இந்த இடம் வருவதே இல்லை. அந்த ஆண்டுகளில் கொமூனா 13க்குள் ‘கண்ணுக்குத் தெரியாத எல்லைகள்’ ஓடின. இந்தத் திருப்பம்வரை ஒரு கும்பல், அந்த மாடிக்கு அப்பால் இன்னொன்று. கோடு எங்கே என்று எந்த வரைபடத்திலும் இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் மனப்பாடம். பள்ளிக்கூடம் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தால் படிப்பு நின்றது. அத்தை வீடு அந்தப் பக்கம் என்றால் அத்தை உறவு நின்றது. எல்லை தாண்டியதற்காகவே சுடப்பட்டவர்கள் உண்டு, அவர்கள் எந்தக் கும்பலிலும் இல்லை என்றாலும். அந்த நிலைமையில் ஒருவர் கலவை எந்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, ‘எல்லோரும் ஏறும் படி ஒன்று கட்டப்போகிறோம்’ என்றால் அதற்குத் துணிச்சல் வேண்டும். கொஞ்சம் பைத்தியமும் வேண்டும்.

அப்போது மேயராக இருந்தவர் யார் தெரியுமா? அலோன்சோ சலசார். விதைக்கென்று பிறக்காத பையன்களைப் பற்றி எழுதியவர், ஃபஹார்தோவின் நிர்வாகத்தில் சேர்ந்து, 2008இல் மேயராகி, பதவிக்காலத்தின் கடைசி வாரத்தில் அந்த எஸ்கலேட்டரைத் திறந்துவைத்தார். இருபது வருடத்துக்கு முன்பு நோட்டுப் புத்தகத்தோடு இப்படிப்பட்ட படிகளில் ஏறி இறங்கிய மனிதர் அவர். எழுத்தாளன் கையில் நகராட்சியைக் கொடுத்தால் என்ன செய்வான் என்று நம் ஊரில் விளையாட்டாகப் பேசுவதுண்டு. அங்கே ஒருவர் படிக்கட்டு கட்டினார்.

விமர்சனமும் வந்தது. ஏறத்தாழ 70 லட்சம் டாலர் செலவு. 12,000 பேருக்குப் பயன் என்றார்கள். அந்தப் பணத்தில் வேலை கொடுத்திருக்கலாம், சாக்கடை போட்டிருக்கலாம், வீட்டைப் பலப்படுத்தியிருக்கலாம். நியாயமான கேள்விகள். மழையில் துருப்பிடிக்கும், வருடத்துக்குள் நின்றுவிடும் என்றும் சொன்னார்கள், அது நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு எஸ்கலேட்டரால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை.

படிக்கட்டு வந்ததும் துப்பாக்கி ஓய்ந்ததா? திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2012 அக்டோபரில் ‘எல் தூகே’ என்று அறியப்பட்ட ராப் பாடகர் ஒருவர் கொமூனா 13இல் சுட்டுக்கொல்லப்பட்டார். குழந்தைகளுக்கு ஹிப்-ஹாப் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு முன்னால் 2009இல் ‘கொலாச்சோ’ என்ற பாடகர். இடையில் வேறு பலர். பயந்துபோய் ஊரைவிட்டு வெளியேறிய இளம் கலைஞர்கள் ஏராளம். ஏன் பாடகர்களைக் கொல்ல வேண்டும்? கார்ரீத்தோ ஆகவேண்டிய பையன் சாயங்காலம் பாட்டு வகுப்புக்குப் போய்விட்டால் கும்பலுக்கு ஆள் குறைகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. கொலாச்சோவின் நண்பர்கள் அவர் பெயரிலேயே ‘காசா கொலாச்சோ’ என்று ஒரு வீட்டைத் தொடங்கி, சுவரில் வரையவும் பாடவும் சொல்லிக்கொடுத்தார்கள். வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரோவியங்கள் வழியாக 2002இன் கதையைச் சொன்னார்கள். எஸ்கலேட்டருக்குக் கூட்டம் வந்ததே இந்தச் சுவர்களால்தான். எந்திரம் வழி கொடுத்தது. போய்ப் பார்ப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று ஆக்கியவர்கள் அந்தப் பையன்கள்.

கூட்டம் வந்ததும் காசு வந்தது. காசு வந்ததும் ‘வாக்கூனா’ வந்தது. தடுப்பூசி என்று பொருள். நம் ஊரில் மாமூல் என்போமே, அதற்கு அங்கே தடுப்பூசி என்று பெயர். வியாதி வராமல் இருக்கக் கொடுப்பது. வியாதியும் மருத்துவரும் ஒரே ஆள். கும்பல்கள் எங்கும் போய்விடவில்லை. கொலை குறைந்திருக்கிறது, மிக நன்றாகவே குறைந்திருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதன் சாவி முழுக்க மாநகராட்சியின் இடுப்பில்தான் இருக்கிறது என்று சத்தியம் செய்யவும் ஆளில்லை.

தாய்மார்கள் கைகாட்டிய இடத்துக்கு வருவோம். அதன் பெயர் லா எஸ்கொம்ப்ரேரா. கட்டட இடிபாடு கொட்டும் இடம். கொமூனா 13இன் மலையில் ஒரு காயம் மாதிரி தெரியும். ஒரியோனுக்குப் பிறகு காணாமல் போனவர்களை அங்கேதான் புதைத்தார்கள் என்று தாய்மார்கள் சொன்னார்கள். தோன் பெர்னாவும் தன் வாக்குமூலத்தில் அதைத்தான் சொன்னான். அதன் பிறகும் பல ஆண்டுகள் லாரிகள் வந்து கொட்டிக்கொண்டே இருந்தன. புதிய மெதெயின் எழும்ப எழும்ப, பழையதை இடித்த கல்லும் மண்ணும் அந்த மலைமேல் ஏறிக்கொண்டே போனது. ‘உண்மையை நோக்கி நடக்கும் பெண்கள்’ என்று அமைப்பாகச் சேர்ந்த தாய்மார்களும் மனைவியரும் அக்காக்களும் தோண்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2015இல் தோண்டினார்கள்; ஒன்றும் கிடைக்கவில்லை. ‘கிழவிகளுக்குப் பைத்தியம்’ என்ற பேச்சு பலமானது. பரிசுகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. உலகத்தின் புதுமை நகரம் என்று 2013இல் கிடைத்த பட்டத்தை நகரம் எல்லா இடத்திலும் எழுதிவைத்திருந்தது.

2024 டிசம்பர் 18 அன்று, சமாதானத்துக்கான சிறப்பு நீதிமன்றமும் காணாமல் போனோரைத் தேடும் அரசுப் பிரிவும் அறிவித்தன: எஸ்கொம்ப்ரேராவில் மனித எலும்புகள் கிடைத்துவிட்டன. இருபத்திரண்டு ஆண்டுகள்.

அடுத்த மாதம் மெதெயினின் ஒரு பெருஞ்சுவரில் இளைஞர்கள் கூடிப் பெரிதாக எழுதினார்கள்: ‘லாஸ் கூச்சாஸ் தியெனென் ராசோன்’. கூச்சா என்பது அந்த ஊர்க் கொச்சையில் அம்மாவை, வயதான பெண்ணைச் சொல்வது. மரியாதைக் குறைவும் பாசமும் கலந்த சொல். நம் பக்கத்து மொழியில் ‘ஆத்தாக்கள் சொன்னதுதான் சரி’. மாநகராட்சி அதன்மேல் சாம்பல் வண்ணம் பூசிவிட்டது. சுவரோவியங்களைக் காட்டி உலகத்தைக் கூப்பிடும் நகரம் அது. மறுபடி கூடினார்கள், அதே சுவரில் அதையே மறுபடி எழுதினார்கள். பிறகு அந்த வாசகம் வேறு ஊர்ச் சுவர்களுக்கும் போனது.

கொமூனா 13இல் ‘அக்ரோஆர்த்தே’ என்று ஒரு குழு இருக்கிறது. ராப் பாடுவதும் செடி நடுவதும் அவர்களுக்கு ஒரே வேலை. மூத்த பெண்களிடமிருந்து எந்த மூலிகை எப்படி வளரும் என்று பையன்கள் கற்றுக்கொள்கிறார்கள். பதிலுக்கு அந்தப் பெண்கள் சொல்லும் கதைகளைப் பாட்டாக்குகிறார்கள். குழுவின் குழந்தைகள் பிரிவுக்கு ‘எதிர்கால விதைகள்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சலசாரின் தலைப்பை மனதில் வைத்துத்தான் வைத்தார்களா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்த ஊரில் விதை என்றாலே அது காதில் விழும். எலும்புகள் கிடைப்பதற்குப் பத்து வருடம் முன்னால், 2014இல், இவர்களும் தாய்மார்களும் எஸ்கொம்ப்ரேராவுக்குப் போனார்கள். மண்ணில் குழி தோண்டி, ஒவ்வொருவராக உள்ளே இறங்கி உட்கார்ந்து, இடுப்புவரை மண்ணைப் போட்டு மூடச் சொன்னார்கள். அருகில் செடி வைத்தார்கள். பிறகு மணிக்கணக்கில் அசையாமல், பேசாமல், அந்த இடிபாட்டின்மேல் நட்டபடி இருந்தார்கள்.